பந்தல் பெட்டிக்கு எர்த் வேண்டும்

பாயான் லெப்பாஸ், பினாங்கு

அன்புள்ள சேகர்,

மகளுக்கு ஈப்போவில் வேலை கிடைத்த செய்தியை அம்மாவிடம் சொன்னேன். உன்னைவிட அவருக்குத்தான் பெருமை. இங்கே எல்லோரும் நலம். பாலத்து நெரிசலைப் பற்றி எழுத ஆரம்பித்தால் காகிதம் போதாது.

ஆம்பிளிஃபயர் பெட்டியைத் தொட்டால் சுருக்கென்கிறது, மீட்டர் எர்த்துக்கு நூறு வோல்ட்டுக்குப் பக்கம் காட்டுகிறது, டிரான்ஸ்ஃபார்மர் கெட்டுவிட்டதா என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அது ஒய் கெப்பாசிட்டரின், அதாவது பவர் சப்ளையில் இரைச்சலை அடக்கப் போடும் பாதுகாப்பு வகைக் கெப்பாசிட்டரின், வேலை. பவர் சப்ளை மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி அனுப்பும்போது எழும் ஸ்விட்சிங் இரைச்சல், பிரைமரியிலிருந்து (வீட்டு மின்சாரப் பக்கம்) டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுகளைத் தாண்டி செகண்டரிக்கு (ஆம்பிளிஃபயர் பக்கம்) போய்விடும். அதைப் பிரைமரிக்கே திருப்பி அனுப்பத்தான் இதை இரண்டுக்கும் நடுவே போடுகிறார்கள். கழற்றினால் சுருக்கு நிற்கும், பக்கத்து ரேடியோ கரகரக்கும். அதன் அளவு 2.2 நானோஃபாரட் என்றால், நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கசிவது மிஞ்சிப் போனால் 0.16 மில்லிஆம்பியர். எர்த் இல்லாத பெட்டிகளுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு 0.25. நீ 4.7 போட்டிருந்தால் அதே கணக்கில் 0.34 ஆகிவிடும். சாதாரண செராமிக் ஒருபோதும் வேண்டாம். அது ஷார்ட் ஆனால் வீட்டு மின்சாரம் நேரே கைக்கு வரும். ஜாலான் பாசார் மின்பொருள் கடைகளுக்குப் போகும்போது ஒய்1 என்று அச்சிட்டதையே கேட்டு வாங்கு.

ஆனால் உன்னுடையது உலோகப் பெட்டி, போகப்போவதோ பத்து மலைத் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கு. ஈரத் தரை, வெறுங்கால், யாரோ இழுத்துக் கட்டிய நீட்டுக் கம்பி. இரண்டு பின் பிளக்கை இன்றே தூக்கிப் போட்டுவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் பிளக்கை மாட்டு. எர்த் கம்பிக்குத் தனித் திருகு வை, அடியிலுள்ள பெயின்ட்டைச் சுரண்டிவிடு. செகண்டரியின் 0 வோல்ட்டைப் பெட்டியோடு ஒரே இடத்தில் சேர். பல இடங்களில் சேர்த்தால் ஸ்பீக்கரில் ஹம் கேட்கும்.

எர்த் இருந்தால் பிரைமரிக்கும் பெட்டிக்கும் இடையே அடிப்படைக் காப்பே (ஒற்றை இன்சுலேஷன்) போதும் என்று விதி அனுமதிக்கிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. பந்தல் சாக்கெட்டில் எர்த் உயிரோடு இருக்கிறது என்று யார் உறுதி சொல்வது? ஆகவே எர்த்தே இல்லை என்று வைத்துக்கொண்டு இரட்டைக் காப்பு கொடு: செகண்டரிக்கு மூன்றடுக்குக் காப்புக் கம்பி, பிரைமரியிலிருந்து எட்டு மில்லிமீட்டர் இடைவெளி, ஒளி வழியே சிக்னல் கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அடியில் போர்டில் ஒரு பிளவு.

பிரைமரியில் ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைப்பதானால், வீட்டு மின்சாரத்தை எர்த்திலிருந்து பிரித்துத் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போர்டுக்கு மின்சாரம் கொடு. ஆசிலாஸ்கோப்பின் கிளிப் எர்த்தோடு சேர்ந்தது. ஏசியை டிசியாக்கும் டயோட் பிரிட்ஜின் நெகட்டிவ்வில் அதை நேரே மாட்டினால் டயோட் வெடிக்கும். ஆசிலாஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டும் பழைய வித்தை உனக்கு நினைவிருக்கும். செய்துவிடாதே, அதன் உடம்பே 325 வோல்ட் வரை ஏறும்.

போர்டு வரைபடத்தைத் தைப்பூசத்துக்கு முன்பே அனுப்பு. அந்தக் கெப்பாசிட்டர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
குமரன்