ஆவணம்தானே என்றாய்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் பேசும்போது நீ சொன்ன சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டே இருக்கிறது. போலந்தின் வார்சா நகரில் மதில் சூழ்ந்த அடைப்புப் பகுதியான கெட்டோவுக்குள் யூதர்கள் எழுதி வைத்தவற்றைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "அதெல்லாம் ஆவணம்தானே அண்ணா. கற்பனை இல்லாதது எப்படி இலக்கியமாகும்?" என்றாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

1940 நவம்பரில் நாஜிகள் அந்த மதிலுக்குள் மக்களை அடைத்துப் பூட்டினார்கள். உள்ளே நான்கு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். இமானுவேல் ரிங்கல்ப்ளூம் என்ற வரலாற்றாசிரியர் அங்கே ஒரு ரகசியக் குழுவைச் சேர்த்தார். சனிக்கிழமைகளில் கூடியதால் அதற்கு ஓய்நெக் ஷாபெஸ், அதாவது ஓய்வுநாளின் மகிழ்ச்சி என்று பெயர். ரொட்டி விலை, பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரை, மிட்டாய்த் தாள், டிராம் டிக்கெட் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சேர்த்தார்கள். தங்கள் கதையைப் பகைவன் மட்டும் எழுதிவிடக் கூடாது என்பதில் அத்தனை வைராக்கியம்.

எழுத்தாளர் ராஹேல் அவர்பாக் அங்கே கஞ்சித்தொட்டி நடத்தினார். அதைப் பற்றி எழுதித் தரும்படி ரிங்கல்ப்ளூம் கேட்டார். எத்தனை பேருக்கு ஊற்றினோம் என்று அவர்பாக் பெருமைப்பட்டிருக்கலாம், தவறே இல்லை. ஆனால் அந்த சூப் யாரையும் பிழைக்க வைக்கவில்லை, சாவைச் சற்றுத் தள்ளிப்போட்டது, அவ்வளவுதான் என்ற முடிவுக்கு வருகிறார். கரண்டி பிடித்த கையே அதை எழுதியது.

1942 ஜூலை 22 அன்று ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ரயில்கள் ஓடத் தொடங்கின. இரண்டே மாதத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லப்பட்டார்கள். அந்த ஆகஸ்டு தொடக்கத்தில், பள்ளியாக இருந்த ஒரு கட்டடத்தின் நிலவறையில் ஆசிரியர் ஒருவரும் அவருடைய பழைய மாணவர்கள் இருவரும் குழு சேர்த்தவற்றைப் பத்துத் தகரப் பெட்டிகளில் வைத்துப் புதைத்தார்கள். மூடுவதற்கு முன் ஆளுக்கொரு உயில் எழுதி உள்ளே வைத்தார்கள்.

ஆசிரியர் இஸ்ரேல் லிச்டென்ஸ்டைன் தன் மனைவி, ஓவியர் கேலா செக்ஸ்டைனை நினைவில் வைக்கச் சொல்கிறார். மகள் மார்கலித்தையும் நினைவில் வைக்கச் சொல்கிறார். அவளுக்கு இன்றோடு இருபது மாதம் என்று கணக்கும் சொல்கிறார். 19 வயது தாவித் கிராபர், உலகத்தின் முன் கதறிச் சொல்ல முடியாததை மண்ணில் புதைத்துவிட்டோம் என்று எழுதினான். 18 வயது நாஹும் கிஷிவாச் எழுதிக்கொண்டிருந்தபோதே, பெற்றோர் இருக்கும் கட்டடத்தைச் சுற்றி வளைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. அவர்களைப் பார்க்க ஓடுகிறேன், எனக்கு என்ன ஆகும் என்று தெரியாது என்கிறான். பிறகு, 'நினைவில் வையுங்கள், என் பெயர் நாஹும் கிஷிவாச்.'

தம்பி, கற்பனை இல்லை என்றாயே. தெருவில் துப்பாக்கிச் சத்தம். தெரிந்த முகம் ஒவ்வொன்றாய்க் குறைந்துகொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பையன், பெட்டியைத் திறக்கப்போகும் யாரோ ஒருவரை மனத்தில் உருவாக்கி, அவரிடம் தன் பெயரைச் சொல்கிறான். பார்த்திராத வாசகரை அவன்தான் கற்பனை செய்தான். நாம் எழுத உட்காரும்போது வாசகர் இருப்பார் என்பது நமக்கு உறுதி. அவனுக்கு எந்த உறுதியும் இல்லை.

குழுவில் அறுபது பேர் அளவில் இருந்தார்கள். போர் முடிந்தபோது உயிரோடு இருந்தவர்கள் மூவர். அவர்பாக் அவர்களில் ஒருவர். இடிபாடுகளைத் தோண்டியே தீர வேண்டும் என்று அவர் விடாமல் வற்புறுத்தினார். 1946 செப்டம்பரில் பெட்டிகள் கிடைத்தன. தண்ணீர் புகுந்து தாள்கள் ஊறிப்போயிருந்தன. பின்னர் புதைக்கப்பட்ட இரண்டு பால் கேன்கள் 1950இல் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்த தொகுதி இன்றுவரை கிடைக்கவில்லை.

கேலாவின் ஓவியங்களும் அந்தப் பெட்டிகளில் இருந்தன. குழந்தைகளின் முகங்கள் நிறைய. பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போது காட்டுகிறேன். மார்கலித்தின் முகமும் அவற்றில் இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்