பலகையில் என்ன எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று போனில் உன் பெயர்ப்பலகையில் என்ன எழுதுவது என்ற பேச்சு வந்தபோது நீ கொஞ்சம் சிடுசிடுப்பாகத்தான் பேசினாய். உன்னிடம் கேஸ் கொடுத்த கட்சிக்காரர் ஒருவர் "வக்கீலம்மா" என்று கூப்பிட்டாராம். "நான் அட்வகேட் ப்பா, வக்கீல்னா ஏதோ பழங்காலத்து ஆள் மாதிரி இருக்கு" என்றாய். முப்பது வருஷம் வக்கீல் குமாஸ்தாவாகக் கேஸ் கட்டு தூக்கியவனுக்குச் சுருக்கென்று இருக்காதா?

வக்கீல் அரபிச் சொல். ஒருவர் தன் காரியத்தை நம்பி ஒப்படைத்த ஆள் என்று பொருள். அதில் கோர்ட்டே கிடையாது. முகலாயர் காலத்தில் ஒரு ராஜா இன்னொரு தர்பாரில் வைத்திருந்த தூதரும் வக்கீல்தான். 1784-ல் பாதுஷா ஷா ஆலம் மராட்டியத் தலைவர் மகாத்ஜி சிந்தியாவுக்குக் கொடுத்த பட்டம் 'வக்கீல்-இ-முத்லக்'. பாதுஷாவின் பெயரில் ராஜ்யத்தையே நடத்தும் பதவி அது!

வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி கோர்ட்டுகளுக்கு வக்கீல்களை முறைப்படி நியமிக்க 1793-ல் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் விதி போட்டார். ஏற்றத்தாழ்வெல்லாம் 1862-ல் ஹைகோர்ட்டுகள் வந்த பிறகு கெட்டிப்பட்டது. சீமையில் படித்துவிட்டு வந்த பாரிஸ்டர் அட்வகேட். இங்கேயே படித்தவர் வக்கீல். அதற்கும் கீழே, கீழ்க்கோர்ட்டுகளில் ஆஜராகும் ப்ளீடர், முக்தியார். கல்கத்தாவில் ஒரிஜினல் சைடு வழக்கில், அதாவது அப்பீலாக வராமல் நேரே ஹைகோர்ட்டிலேயே தொடுக்கும் வழக்கில், வக்கீல் எழுந்து நின்று வாதாட முடியாது. சென்னையில் முடிந்தது, அந்த அளவில் நம் ஊருக்குப் பெருமை. உன் காதில் விழுந்த அந்த இளக்காரம் அந்தக் காலத்து மிச்சம், வார்த்தையின் குற்றமில்லை.

இன்னொன்று, நீ அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1916-ல் ரெஜினா குஹா என்ற பெண் சட்டம் படித்துவிட்டு, ப்ளீடராகப் பதிவு செய்யச் சொல்லி மனுப் போட்டார். பெண் என்பதால் கல்கத்தா ஹைகோர்ட் முடியாது என்றது. 1921-ல் அலகாபாத் ஹைகோர்ட் கார்னீலியா சொராப்ஜியைப் பதிவு செய்துகொண்டது. என்னவாக என்று நினைக்கிறாய்? வக்கீலாகத்தான். பெண் என்ற காரணம் காட்டி யாரையும் தடுக்கக்கூடாது என்று சட்டம் வந்தது 1923-ல்.

1961-ன் அட்வகேட்ஸ் சட்டம் எல்லோரையும் ஒரே வகையாக்கி, எல்லோருக்கும் அட்வகேட் என்று பெயர் வைத்தது. நியாயம்தான். ஆனால் உன் மேசையில் இருக்கிற சிவில் ப்ரொசீஜர் கோடில் பிரிவு 2(15)-ஐப் புரட்டிப் பார், 'ப்ளீடர்' என்பதற்குள் வக்கீலும் இருக்கிறார். கட்சிக்காரர் தன் வழக்கை உன்னிடம் ஒப்படைக்கும் பத்திரம், நீ தினமும் கையெழுத்துப் போடுவது, அதுவும் வக்காலத்துதானே!

எங்கள் ஸீனியரிடம் ஒரு பாட்டி வந்தார். வக்காலத்தை நீட்டி ரேகை வைக்கச் சொன்னேன். "இதுல என்னய்யா எழுதியிருக்கு?" என்றார். அவசரத்தில் "வழக்கமான ஃபாரம்தான் பாட்டி" என்றேன். ஸீனியர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அச்சடித்த ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னார். எல்லாம் கேட்டபிறகு கட்டைவிரலை அழுத்தி வைத்துவிட்டு, மையைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி, "இனி நீங்க பேசுறது நான் பேசுறதுதான், அப்படித்தானே?" என்று கேட்டார் பாட்டி. அகராதிகூட அவ்வளவு சரியாகச் சொல்லாது.

பலகையில் அட்வகேட் என்றே எழுது, சட்டப்படி அதுதான் சரி. கூப்பிடுகிறவர்களைத் திருத்திக்கொண்டிருக்காதே. அப்புறம், உன் குமாஸ்தா புதுசு என்றாயே, வக்காலத்தில் வக்கீல்கள் நலநிதிக்கான வெல்ஃபேர் ஃபண்ட் ஸ்டாம்ப் ஒட்டியிருக்கிறாரா என்று நீயே ஒருமுறை பார்த்துவிடு. இல்லாவிட்டால் ரிட்டர்ன் போட்டுவிடுவார்கள்.

அன்புடன்,
அப்பா