கோவையில் எழுதிய சீட்டு, உதகையில் ஏறும் படி

சமவெளியில் பணியாற்றும் நுரையீரல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். உங்களிடம் சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பும் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய் சுருங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்) நோயாளிகளுக்காக எழுதுகிறேன். நான் உதகையில் இயன்முறை மருத்துவர்.

சென்ற மழைக்காலத்தில் ஓர் அம்மா வந்தார். தேயிலை பறித்தவர், விறகடுப்புப் புகையில் நாற்பது ஆண்டுகள் சமைத்தவர். ‘இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 93 சதவீதம், தினமும் அரை மணி நேரம் நடக்கவும்’ என்றது அவர் கொண்டுவந்த சீட்டு. இங்கே உட்கார்ந்திருக்கும்போதே 87. குழாயடியிலிருந்து வீட்டுக்கு இருபது படி. ஏறி முடித்தால் 79. மூச்சு முட்டிய பயத்தில் ஒரு மாதமாக வாசலைத் தாண்டவில்லை. அதற்குள் தொடைத் தசை கரைந்துவிட்டது.

கோவை 411 மீட்டர் உயரம், உதகை 2,240. காற்றில் ஆக்சிஜனின் பங்கு இரண்டு ஊரிலும் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் இங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. நல்ல நுரையீரல் அதை ஈடுகட்டிவிடும். நோயுற்ற நுரையீரலுக்கு அந்தக் கையிருப்பு ஏது?

பயிற்சியின்போது ஆக்சிஜன் கொடுப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வின் முடிவு அதுவே. நானும் அதை மதிக்கிறேன். ஆனால் அதில் பங்கேற்றவர்களுக்கு நடக்கும்போது மட்டுமே ஆக்சிஜன் குறைந்தது. ஓய்விலேயே 87 காட்டும் ஒருவரை அந்த முடிவைக் காட்டி வெறுங்காற்றில் நடக்கவிட எனக்கு மனம் வரவில்லை. அளவுக்கு மீறிக் கொடுத்தால் கரியமில வாயு தேங்கும் என்பதும் தெரியும். அதனால்தான் 88 முதல் 92 வரை என்ற இலக்கைத் தாண்ட விடுவதில்லை.

அந்த அம்மாவுக்கு இங்குள்ள மருத்துவர் ஆக்சிஜன் எழுதினார். சிலிண்டரைத் தள்ளியபடி நானும் கூடவே நடந்தேன். முதல் நாள் இரண்டு நிமிடம். எட்டாவது வாரம், நடுவில் இரண்டு முறை நின்று, அந்த இருபது படியையும் ஏறினார்.

உங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். அனுப்பும் முன் ‘வீடு எந்த ஊரில்?’ என்று கேளுங்கள். மலை என்றால், ‘ஊர் சேர்ந்ததும் ஓய்விலும் ஆறு நிமிட நடையிலும் ஆக்சிஜன் அளவை மீண்டும் பார்க்கவும்’ என்று சீட்டில் ஒரு வரி சேருங்கள். ஆக்சிஜன் எழுதுவதானால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதோடு இலக்கு அளவையும் குறிப்பிடுங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் செறிவூட்டியை வாங்கச் சொன்னால், அது எத்தனை மீட்டர் உயரம் வரை சரியாக இயங்கும் என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். இங்கே மழையில் மின்சாரம் போகும், மாற்றுச் சிலிண்டரும் வேண்டும்.

அந்த ஒரு வரியோடு வருபவரை அன்றே நடக்கவைத்து அளந்து, முடிவை உங்களுக்கு எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உதகையிலிருந்து ஓர் இயன்முறை மருத்துவர்