கண் கண்டதும் மனம் கொண்டதும்

திருநெல்வேலி டவுன்

அன்புள்ள மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஆனித் தேரோட்டத்தன்று வாகையடி முனையில் உன் தோழி உன்னை நேருக்கு நேர் பார்த்தும் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள் என்று மனம் நொந்து எழுதியிருக்கிறாய். "என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் அப்பா, இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றும் கேட்டிருக்கிறாய். காலமெல்லாம் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் நான். கண் எதுவரை சாட்சி சொல்லும் என்பதை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

கோடு போட்ட தாள் ஒன்றை எடு. ஒரு கோட்டின்மேல் இடப்பக்கம் ஒரு பெருக்கல் குறியும், அதிலிருந்து 8 செ.மீ. தள்ளி வலப்பக்கம் மிளகளவில் ஒரு புள்ளியும் வை. இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் பார்த்தபடி, தாளை ஏறத்தாழ 30 செ.மீ. தொலைவில் பிடித்து மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஓரிடத்தில் புள்ளி காணாமல் போகும். பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்களே கிடையாது. எட்ம் மரியாட் என்ற பிரெஞ்சு அறிஞர் 17-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டறிந்தார். என்னை இன்றும் வியக்கவைப்பது புள்ளி மறைவதன்று. மறைந்த இடத்தில் ஓட்டை எதுவும் தெரியாமல், கோடு அறுபடாமல் ஓடுவதாகத் தெரிகிறதே, அதுதான். அந்தத் துண்டுக் கோட்டைக் கண் பார்க்கவில்லை. மூளை தானாக வரைந்து, பார்த்ததாக நம்மிடம் ஒப்படைக்கிறது.

இதனால் 'கண்ணால் காண்பதும் பொய்' என்று உன் ஆச்சி சொல்வதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. குறுக்குத்துறைப் படியில் நின்று தெளிந்த தாமிரபரணியைப் பார்க்கையில், 8 அடி ஆழம் நேர் கீழே நோக்கினால் 6 அடியாகவும், சாய்வாக நோக்கினால் அதைவிடக் குறைவாகவும் தெரியும். நீரிலிருந்து காற்றுக்கு வரும்போது திசை மாறிய ஒளியைக் கண் வந்தபடியே வாங்குகிறது; அது நேர்கோட்டில்தான் வந்திருக்கும் என்று மூளை எடுக்கும் முடிவில்தான் பிழை இருக்கிறது. வெளியூர்ப் பிள்ளைகள் இடுப்பளவுத் தண்ணீர் என்று நம்பி ஆற்றில் இறங்கிவிடுவார்களோ என்று நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. கணக்குத் தெரிந்த எனக்கும் ஆறு ஆழம் குறைந்தேதான் தெரிகிறது. தெரிந்துகொண்டதால் காட்சி மாறிவிடுவதில்லை, ஆகவேதான் கம்பு விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. திருச்செந்தூர்க் கடலில் எழும் பௌர்ணமி நிலவும் இப்படித்தான் பெரிதாகத் தெரிகிறது. கையை நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் மறைத்துப் பார். உச்சிக்கு வந்த நிலவும் அடிவானத்து நிலவும் அந்த நகத்துக்குள் ஒரே அளவில் அடங்கும்.

உன் தோழி விஷயத்துக்கு வருவோம். நீட்டிய கையின் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு இடம்தான் ஒரு நேரத்தில் நமக்குத் துல்லியமாகத் தெரியும். அங்கேயே ஒன்று நின்றாலும், கவனம் வேறிடத்தில் இருந்தால் அது மனத்தில் பதியாமல் போகலாம். டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சப்ரி என்ற உளவியலாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பந்து கைமாறுவதை எண்ணச் சொல்லி ஒரு காணொளியைக் காட்டினார்கள். நடுவே கொரில்லா வேடத்தில் ஒருவர் நடந்துபோனதை ஏறத்தாழப் பாதிப்பேர் கவனிக்கவே இல்லை. தேர் அசைந்து வருகிறது, வடம் பிடிப்பவர்கள் நெருக்குகிறார்கள், அவள் இடுப்பில் குழந்தை. அந்த நெரிசலில் அவள் முகம் உன் பக்கம் இருந்தது என்பது நீ கண்டது. அவள் உன்னை அடையாளம் தெரிந்துகொண்டாள் என்பதும், வேண்டுமென்றே திரும்பினாள் என்பதும் உன் மனம் கொண்டது. முதலாவதற்கு உன் கண் சாட்சி. மற்ற இரண்டுக்கும் அவளைத் தவிர வேறு சாட்சி இல்லை. அவள் உண்மையிலேயே ஒதுங்கிப் போயிருக்கவும் கூடும், அதை நான் மறுக்கவில்லை.

ஆகையால் அவளைத் தொலைபேசியில் அழைத்து, தேரன்று வாகையடி முனையில் நின்றாயே என்று பேச்சைத் தொடங்கு. கோபத்தோடு கேட்காதே, அம்மா. அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு மறக்காமல் எழுது.

அன்புடன்,
அப்பா