மூட்டோடு நிற்கவில்லை

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள தணிகாசலம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாதது என் குற்றம்தான். விரல் மடங்கவில்லை என்ற பழைய சாக்கு உன்னிடம் இனிச் செல்லாது. வீட்டில் அனைவரும் நலம்.

சென்ற மாதம் ரத்தினகிரி மலைக்கோயிலில் பாதிப் படி ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு, மோர் குடித்துவிட்டு இறங்கிவிட்டேன். மூட்டுகளை வீங்கவைக்கும் என் முடக்குவாதத்துக்குக் காட்டும் டாக்டரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும், அவர் இசிஜியும் எக்கோவும் எடுக்கச் சொன்னார். வலியே காட்டாமல் ஒரு மாரடைப்பு எப்போதோ வந்து போயிருக்கிறது! பிறகு கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தபோது, ரத்தக்குழாயின் உட்சுவரில் அரிசியளவு மேடு ஒன்றைத் திரையில் காட்டினார்கள்.

கொலஸ்டிரால் குறைவு என்று சென்ற ஆண்டு உன்னிடம் பீற்றிக்கொண்டேன் அல்லவா, சூதே அங்குதான் இருக்கிறது. அழற்சி, அதாவது மூட்டை வீங்கவைத்து உடலுக்குள் கனலும் அந்த நோய்ச்சூடு, மும்முரமாக இருக்கும்போது ரத்தத்தில் கொலஸ்டிரால் இறங்கியே காட்டும். ஆனால் மூட்டைத் தின்னும் அதே அழற்சி ரத்தக்குழாயின் உட்படலத்தையும் புண்படுத்தி, அங்கே படியும் கொழுப்புத் திட்டு எளிதில் வெடிக்கும்படி செய்துவிடும். பொதுவான இதய அபாயக் கணக்கை முடக்குவாதக்காரர்களுக்கு 1.5-ஆல் பெருக்க வேண்டும் என்று ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதலே சொல்கிறது. நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் வேலூரைக் கேலி செய்வாயே. கோட்டைக் கோயிலின் சாமிதான் 1981-இல் திரும்பி வந்துவிட்டாரே, அந்தக் காலி இடத்தில் கொழுப்பில்லாத என் மாரடைப்பை எழுதிக்கொள்.

ஆனால் ஒன்று எனக்கு ஆறவேயில்லை. முடக்குவாதத்தையே அடக்க வாரம் ஒருமுறை போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட் மருந்தை, கல்லீரல் கெடும் என்ற ஊர்ப்பேச்சைக் கேட்டு நானே நிறுத்தினேன். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டே போடலாம் என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. அதற்குப் பதிலாக, மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிய வலி மாத்திரைகளை நான்கு ஆண்டுகள் விழுங்கினேன். அவை வலியை அடக்கின, நோயை அடக்கவில்லை. இதயத்துக்கும் அவற்றால் கெடுதல். கூடவே கடைக்காரர் மடித்துக் கொடுத்த சிறிய வெள்ளை மாத்திரை ஸ்டீராய்டு என்பது இப்போதுதான் தெரிந்தது.

உன் தங்கை சரசுவுக்கும் இதே நோய் என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவளுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்டிரால் மூன்றையும் பார்க்கச் சொல். கொலஸ்டிராலை மட்டும் மூட்டு வீக்கம் தணிந்தபின் மறுபடி பார்க்க வேண்டும். நெஞ்சு வலித்தால்தான் இதயநோய் என்று அவள் காத்திருக்க வேண்டாம். நீயும் அவள் எதிரில் சிகரெட் பிடிக்காதே; முடிந்தால் எதிரில் இல்லாதபோதும்.

அவளை அழைத்துக்கொண்டு வா, என் டாக்டரிடமே காட்டலாம். ஸ்டேஷன் வாசலில் நிற்பேன். பெட்டியைத் தூக்க மேம்பாலப் படியேறி வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

உன்,
சுந்தரம்