குடும்பத்தோடு ஊழியப் பயணம் புறப்படும் தங்கைக்கு

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

அக்கா எழுதுகிறேன். உங்கள் சபையிலிருந்து ஒரு குழு வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போகிறது, நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளையும் சேர்த்துப் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று படித்ததும் ஸ்தோத்திரம் சொன்னேன். போய் வாருங்கள். கீழே எழுதப்போவதில் பாதி எச்சரிக்கை போலத் தோன்றும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்படி வருகிற குழுக்களை விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வருகிற பக்கத்தில் நாங்கள் பல வருஷமாக இருக்கிறோம். அனுப்புகிற சபையின் கண்ணுக்குப் படாத சில காரியங்கள் இங்கே நின்றால்தான் தெரிகின்றன. உன்னைப் போலப் புறப்படுகிற குடும்பங்கள் இப்போது நிறைய. அதனால்தான் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய அட்டவணையைப் பார்த்தேன். காலையில் விடுமுறை வேதாகமப் பள்ளி, மத்தியானம் வீடு சந்திப்பு, சாயங்காலம் கூட்டம், இடையில் ஆலயச் சுவருக்கு வர்ணம் அடிக்கிற வேலை. இதைப் போட்டது யார்? அங்கே இருக்கிற போதகரிடம் கேட்டுப் போட்டீர்களா, இல்லை உங்கள் கமிட்டி உட்கார்ந்து போட்டுவிட்டு அவருக்கு அனுப்பிவைத்ததா? அனுப்பிவைத்தால் அவர் சரி என்றுதான் சொல்வார். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எப்படி மனம் வரும்? அந்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சையாக இருக்கும். வர்ணம் அடித்தே பிழைக்கிற ஒருவர் வேலையில்லாமல் அதே சபையில் உட்கார்ந்திருப்பார். ஆகவே அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, "இந்த நாட்களில் நாங்கள் என்ன செய்தால் உங்களுக்கு உதவி, எதைச் செய்யாமல் இருந்தால் உதவி" என்று அவரிடம் கேட்டு எழுதுங்கள். இரண்டாவது பாதிக்குப் பதில் வர நாளாகும். வருகிற வரைக்கும் கேளுங்கள். அந்த நாட்கள் அவர்களுடைய சபையின் நாட்கள். நீங்கள் அதற்குள் போகிற விருந்தாளிகள். நான் சொல்ல வந்ததே இதுதான்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பேசியது உனக்கு நினைவிருக்கும். மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தையும் உழைப்பையும் இந்தியச் சபை தலைமுறை தலைமுறையாக நன்றியோடு நினைக்கும் என்று சொல்லிவிட்டு, எங்களுக்கு அன்பும் வேண்டும், நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். கேட்டவர் பெற்றுக்கொள்கிற பக்கத்தில் மட்டும் இருந்தவர் அல்ல. 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். மாநாட்டுக்கு முந்தின வருஷமே வீட்டை விட்டு, தெலுங்கு பேசுகிற தோர்ணக்கல்லுக்கு ஊழியம் செய்யப் போனவர். அனுப்பவும் தெரிந்து, போகவும் தெரிந்த ஒருவர் பணத்தையோ கட்டடத்தையோ கேட்காமல் நண்பர்களைக் கேட்டிருக்கிறார். உங்கள் குழு ஜெபத்துக்குக் கூடும்போது இதை ஒரு நாள் எடுத்துப் பேசுங்கள்.

கொஞ்ச நாளில் எப்படி நண்பர்களாவது என்பாய். எங்களிடம் வந்த ஒரு குழுவில் வயதான அம்மா ஒருவர் இருந்தார். அவருக்கு மேடையில் பேச வராது, பாட்டும் வராது. முதல் கூட்டத்திலேயே போதகரின் மனைவி கைக்குழந்தையோடு வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பதைப் பார்த்தார். எழுந்து போய்க் கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டார். போதகரின் மனைவி முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். குழந்தை பிறந்த பிறகு ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று பிறகு என்னிடம் சொல்லி அழுதார். அந்தக் குழு அடித்த வர்ணம் எப்போதோ உரிந்துவிட்டது. அந்த அம்மாவை இன்னும் விசாரிக்கிறார்கள். நீங்கள் போகிற இடத்திலும் போதகரின் மனைவியைக் கவனி. படுக்கையை விட்டுக்கொடுப்பதும், போர்வை துவைப்பதும், எல்லாரும் தூங்கிய பிறகு படுப்பதும் அவர்தான். குழு எடுக்கிற போட்டோவில் அநேகமாக அவர் இருக்க மாட்டார்.

பிரசங்கம் உன் வீட்டுக்காரருக்கு என்று போட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரோடு பேசும்போது கையில் இருக்கிற நேரத்தில் பாதிதான் அவருடையது. நாற்பது நிமிஷம் என்றால் இருபது நிமிஷச் செய்தி. ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்த வேண்டும், பாதியில் நிறுத்தினால் மொழிபெயர்ப்பவர் தவித்துப்போவார். வேத வசனங்களை முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டால் அவர் தன் வேதாகமத்தில் பார்த்து வைத்துக்கொள்வார். சிலேடையும் நம்மூர்ச் சிரிப்புக் கதையும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளைகள் விஷயத்தைத்தான் அதிகம் யோசித்தேன். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793இல் மனைவி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார். மறு வருஷமே ஐந்து வயது மகன் பீட்டர் வயிற்றுப்போக்கில் இறந்துபோனான். புறப்படவே விருப்பமில்லாமல் வந்த மனைவி டாரத்தியின் மனம் கலங்கியது. 1807இல் கண்மூடும் வரை அவர் தேறவே இல்லை. உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. அது வேறு காலம், நீங்கள் போவதோ சில நாள். ஆனால் "குடும்பமாகப் போகிறோம்" என்று சாட்சி சொல்வதற்கு முன்னால், வீட்டில் ஒவ்வொருவரும் மனதாரத்தான் வருகிறார்களா என்று தனித்தனியாகக் கேள். பெரியவளைக் கட்டாயப்படுத்தி மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்காதே. ஒரு கயிற்றைக் கையில் கொடுத்துவிடு. இந்த முனையை ஒரு பிள்ளையும் அந்த முனையை இன்னொரு பிள்ளையும் பிடித்துச் சுற்றினால், பாஷை தெரியாமலே யார் முறை என்பது எல்லாருக்கும் விளங்கிவிடும். நடுவில் வீட்டுக்குப் போகணும் என்று அழுதால் அதட்டாதே. பவுலோடு ஊழியப் பயணம் போன மாற்கு என்னும் யோவான், பெர்கே என்கிற ஊரிலிருந்து பாதியிலேயே திரும்பிப் போனான். அவனைப் பிரயோஜனமுள்ளவன் என்று பின்னாளில் எழுதியதும் அதே பவுல்தான்.

அனாதை இல்லத்துக்கு ஒரு நாள் என்று போட்டிருப்பதை எடுத்துவிடச் சொல். வெளிநாட்டார் வருகையும் காணிக்கையும் கூடக் கூட, தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிற பிள்ளைகளையும் கொண்டுவந்து சேர்க்கிற இல்லங்கள் பெருகியது கம்போடியாவில் வெளிச்சத்துக்கு வந்த காரியம். தினம் ஒரு புது முகம் வந்து மடியில் தூக்கி வைத்துவிட்டுப் போய்விட்டால் அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும்? போட்டோவும் அப்படித்தான். உன் மகளை யாரோ ஒருவர் கேட்காமல் படமெடுத்து, "ஏழைச் சிறுமி" என்று எழுதிப் போட்டால் உனக்கு எப்படி இருக்கும்?

விசாவில் விளையாடாதீர்கள். சுற்றுலா விசாவில் போய்க் கூட்டம் நடத்துவது பல நாடுகளில் குற்றம். நேபாளத்தின் 2015 அரசியலமைப்பு மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018இல் அமலுக்கு வந்த குற்றவியல் சட்டத்தில் அதற்கு ஐந்து வருஷம் வரை சிறை. பிடிபட்டால் நீங்கள் எப்படியோ விமானம் ஏறி வந்துவிடுவீர்கள். போலீஸ் தினம் வந்து கதவைத் தட்டுவது அங்கேயே குடியிருக்கிறவர்களின் வீட்டில். அந்த நாட்டுச் சட்டத்தை அங்குள்ள சபையிடமே கேளுங்கள், அவர்கள் சொல்கிற எல்லையைத் தாண்டாதீர்கள்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கேட்கிற நாடானால் குறைந்தது பத்து நாளுக்கு முன்பே போட்டுவிடுங்கள், அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லும். மலேரியா மாத்திரைக்கும் முன்கூட்டியே டாக்டரைப் பாருங்கள்.

அங்கே இருக்கும்போது யாருக்கும் தனியாகப் பண வாக்கு கொடுக்காதீர்கள். படிக்க வைக்கிறேன், வீடு கட்டித் தருகிறேன் என்று மனம் இளகிச் சொல்லிவிட்டுப் போன வார்த்தைக்காக வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்களை எனக்குத் தெரியும். கொடுக்க மனதானால் திரும்பி வந்து, குழுவாக ஜெபித்து, அங்குள்ள மூப்பர்கள் வழியாகக் கொடுங்கள்.

திரும்பி வந்ததும் உங்கள் சபையில் அறிக்கை வாசிப்பீர்கள். அப்போஸ்தலர் 14ஆம் அதிகாரத்தின் முடிவில் பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவில் செய்தது அதுதான்: சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்தவைகளை அறிவித்தார்கள். கூட்டத்தில் கிறிஸ்துவை ஏற்றுக்கொள்கிறேன் என்று கை தூக்கினவர்களின் எண்ணிக்கையைப் பெரிதாகச் சொல்ல வேண்டாம். அந்தப் போதகர் பல வருஷமாக ஜெபித்து நடந்து சந்தித்த குடும்பங்கள் அவை. வாசிப்பதற்கு முன் அறிக்கையை அவருக்கு ஒருமுறை அனுப்பிவிடு. அடுத்த வருஷம் போவதானால் வேறு நாடு தேடாமல் அதே சபைக்குப் போங்கள். இரண்டாம் தடவை வருகிறவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

உங்கள் குழுவில் எல்லாருடைய பெயரையும் எழுதி அனுப்பு, எங்கள் குடும்ப ஜெபத்தில் சேர்த்துக்கொள்கிறோம். சின்னவனுக்கு விமானத்தில் காது வலிக்கும் என்றாயே, ஏறும்போதும் இறங்கும்போதும் வாயில் எதையாவது மென்றுகொண்டே இருக்கச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா