சிறுத்தை இருக்கும் அலுவலகம்

அன்பு மகளுக்கு,

டக்ளஸ் ஆடம்ஸின் நாவலில் 40 பக்கம் தாண்டியும் ஒன்றும் பிடிபடவில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து, இதை எழுத வேண்டும் என்றே இருந்தேன்.

நீ படிக்கும் ‘தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி’ முதலில் புத்தகமாக வரவில்லை. 1978 மார்ச் 8 அன்று பிபிசி ரேடியோ 4-இல் நாடகமாகத் தொடங்கி, 1979-இல்தான் நாவலாயிற்று. அந்த நாடகத்தில், கதைக்குள் வரும் வழிகாட்டி நூலின் குரலாகப் பேசிய நடிகர் பீட்டர் ஜோன்ஸ், எதைச் சொன்னாலும் பதறமாட்டார். அந்தப் பதறாமைதான் இந்த நகைச்சுவையின் உயிர் என்பதால், நீயும் வாய்விட்டுப் படித்துப் பார்.

கதைநாயகன் ஆர்தர் டென்ட், தன் வீட்டை இடிக்க வந்த புல்டோசருக்கு முன்னால் சேற்றில் படுத்துக் கிடக்கிறார். புறவழிச்சாலைத் திட்டத்தின் வரைபடங்கள் ஒன்பது மாதமாகப் பார்வைக்கு இருந்தனவே என்கிறார் அதிகாரி. இருந்தது உண்மைதான், விளக்கும் இல்லாத, படிக்கட்டும் இல்லாத நிலவறையில், பயன்பாட்டில் இல்லாத கழிப்பறைக்குள், ‘சிறுத்தை, எச்சரிக்கை’ என்று பலகை மாட்டிய அறையில், பூட்டிய அலமாரியின் அடித்தட்டில் இருந்தன. அன்றே பூமியை இடிக்க வரும் வோகன்கள் என்ற வேற்றுக்கிரகவாசிகளும் அதையே சொல்கிறார்கள்: வரைபடங்கள் ஆல்ஃபா சென்டாரி என்ற விண்மீன் மண்டலத்தில் ஐம்பது ஆண்டுகளாகப் பார்வைக்கு இருந்தனவாம். ஒளியே நான்கு ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து சேரும் இடம் அது! வீட்டுக்குச் சொன்ன சமாதானத்தை ஓர் உலகத்துக்கும் அப்படியே சொல்கிறார்கள், குரல் மட்டும் மாறுவதில்லை.

வாழ்க்கை, பிரபஞ்சம், எல்லாவற்றுக்குமான கேள்விக்கு இந்த நாவல் தரும் 42 என்ற விடையைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அந்த நிலவறைதான் பெரிது. வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்த காலத்தில், ஆட்சேபணை தெரிவிக்கும் கெடு முடிந்து பத்து நாள் கழித்து மனுவோடு வந்த ஒரு முதியவரிடம், “அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தோமே ஐயா” என்று நானும் சொன்னேன். அவர் மனுவை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்தப் பக்கத்தைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சிரிக்கிறேன். சிரித்து முடிப்பதற்குள் அவர் முகம் வந்துவிடுகிறது. இப்படிச் சிரிக்க வைத்தபடியே உள்ளே இறங்கும் எழுத்தை நான் அதிகம் படித்ததில்லை.

ஆகையால் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போ, அம்மா. மார்வின் என்ற மனச்சோர்வு பிடித்த இயந்திர மனிதன் வரும் இடத்தை எட்டியதும் எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா